விற்றதும் விற்காததும்

விற்காத துப்பாக்கிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், விற்றுவிட்ட ஒன்றுதான் முதலில் வந்து நிற்கிறது. பிரௌனிங் ஹை-பவர், 9 மி.மீ. பதினொரு ஆண்டுகள் என்னிடம் இருந்தது. புதிதாக வந்திருந்த பிஸ்டல் ஒன்றின் மேல் ஆசை வைத்து, அதற்குப் பணம் சேர்ப்பதற்காக இதைக் கொடுத்துவிட்டேன். உரிமம் பார்த்து, பெயர் மாற்றி, கையெழுத்துப் போட்டு, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. வாங்கியவர் சுடுதளத்தில் பழக்கமானவர். வீட்டுக்கு வந்து பெட்டகத்தைத் திறந்தபோது, அது படுத்திருந்த துணியில் எண்ணெய்க் கறை மட்டும் அதே வடிவில் இருந்தது.

புதிய பிஸ்டலில் ஒரு குறையும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் அதையும் விற்றேன். இன்று அதன் மாடல் எண்கூட எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

ஹை-பவரின் கதை தெரியாமல் விற்றிருந்தாலாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதை வடிவமைக்கத் தொடங்கிய ஜான் பிரௌனிங் 1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே இறந்துபோனார். அவர் பாதியில் விட்டதை டியூடோனே சைவ் என்ற வடிவமைப்பாளர் முடித்து, 1935-ல் வெளிவந்தது. மற்ற ராணுவப் பிஸ்டல்கள் ஏழு, எட்டு என்று நின்றிருந்த காலத்தில், இதன் மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 13 தோட்டாக்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கைப்பற்றிய பெல்ஜியத் தொழிற்சாலையிலும் செய்தார்கள், கனடாவின் டொரான்டோவில் நேச நாடுகளுக்காகவும் செய்தார்கள். ஒரே பிஸ்டல் இரு தரப்பிலும் இருந்தது. இத்தனையும் தெரிந்து, நண்பர்களுக்குக் கதையாகச் சொல்லியும் காட்டிவிட்டு, விற்றேன்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வந்தது. சுடுதளத்தில் யாராவது "இதை மட்டும் தரமாட்டேன்" என்றால் ஏன் என்று கேட்பேன். விலை உயர்ந்தது என்றோ, குறி தவறாதது என்றோ பதில் வந்தது மிகக் குறைவு. ஓய்வு பெற்ற காவலர் ஒருவர் தன் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வரைக் காட்டினார். குழல் முனையில் கருநீல மேற்பூச்சு முற்றிலும் போய், வெள்ளை இரும்பு பளபளத்தது. உறையிலிருந்து எடுத்து எடுத்து வைத்ததில் வந்த தேய்மானம். இந்த ரிவால்வரின் முன்னோடி 1899-ல் வந்தது. இதுவரை அறுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு பொருளை "இது ஒன்றுதான்" என்று ஒருவர் நெஞ்சோடு வைத்துக்கொள்வது வெளியாருக்கு வேடிக்கைதான். அவருக்கோ பணிக்காலம் முழுவதும் அந்தத் தேய்மானத்தில் இருந்தது.

என்னிடம் இப்போது விற்பனைக்கே இல்லாதவை இரண்டு. ஒன்று அப்பாவுடைய .38 ஸ்பெஷல் ரிவால்வர். மேலே சொன்னதே, ஆனால் மாடல் 10 என்ற பெயர் வருவதற்கு முந்தையது. அந்த நிறுவனம் மாடல் எண் கொடுக்கத் தொடங்கியது 1957-ல். தோட்டாக்கள் நிற்கும் உருளையான சிலிண்டரைத் திறந்தால், அதைத் தாங்கும் கை வந்து பொருந்தும் சட்டகப் பகுதியில் எண் குத்தியிருப்பார்கள். அப்பாவுடையதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. எண் இல்லையே, போலியோ என்று சிறுவயதில் பயந்திருக்கிறேன்.

இந்த ரிவால்வருக்கு நான் செய்த கொடுமைகளை வரிசைப்படுத்தினால் இது என்னிடம் இருப்பதே அதிசயம் என்பீர்கள். முதலாவது தோல் உறை. அப்பா கொடுத்த உறை, அப்பா கொடுத்த ரிவால்வர், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று உறைக்குள்ளேயே வைத்துப் பெட்டகத்தில் பூட்டினேன். ஒரு மழைக்காலம் போயிற்று. எடுத்துப் பார்த்தபோது சிலிண்டரின் ஒரு பக்கத்தில் உறையின் தையல் வரிசை அப்படியே துருவில் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு தையலும் ஒரு செம்புள்ளி. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்ந்த ரசாயனங்களும் அதில் மிச்சம் இருக்கும். உறை என்பது சுமந்து செல்வதற்கு; வைத்துப் பாதுகாப்பதற்கு அன்று. துருவை மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் எண்ணெயுமாக, அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுத்தேன். எண்ணெய் இல்லாமல் தேய்த்திருந்தால் கருநீலமும் சேர்ந்து போயிருக்கும். அந்த நிறமே ஒரு வகையில் கட்டுப்படுத்தப்பட்ட துருதான், மிக மெல்லியது. புள்ளிகள் சில இன்றும் தெரிகின்றன. உறை இப்போது தனியாக ஓர் அலமாரியில் இருக்கிறது.

இரண்டாவது, விசையை இலகுவாக்குகிறேன் என்று கிளம்பியது. பிடியின் முன்பக்கம், கீழே, ஒரு சிறு திருகு இருக்கும். அது உள்ளே உள்ள பட்டை ஸ்பிரிங்கை அழுத்தி நிறுத்துவது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் விசை இலகுவாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தளர்த்தினேன். உண்மையிலேயே இலகுவாயிற்று. அடுத்த வாரம் சுடுதளத்தில் மூன்றில் ஒன்று வெடிக்கவில்லை. அடங்கிய தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதால், குழலை இலக்கை நோக்கியே பிடித்து முழுதாக 30 விநாடி எண்ணிவிட்டுத்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும். அந்த 30 விநாடி மிக நீளமானது. தோட்டாவின் அடியில், ஊசி குத்தினால் தீப்பற்றும் பிரைமரைப் பார்த்தால், ஊசி குத்திய குழி ஆழமில்லாமல், பயந்து தொட்டது போல இருந்தது. திருகை அடிவரை இறுக்கினேன், தீர்ந்தது. அது அளவு பார்த்து வைக்கும் திருகல்ல. முழுதாக இறுக்கப்பட்டிருக்க வேண்டிய திருகு. பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. என்னைப் போன்ற புத்திசாலி ஒருவர் உங்களுக்கு முன்னாலும் இருந்திருக்கக்கூடும்.

மூன்றாவதில் நான் குற்றவாளி இல்லை, சோம்பேறி மட்டும். ஒரு நாள் ஆறு சுற்றுகள் சுட்டு முடித்துச் சிலிண்டரைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. தாழ் நகர்கிறது, சிலிண்டர் அசையவில்லை. பலம் கொடுக்கத் தோன்றியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் "கையை எடுங்கள் தம்பி, குழல் அந்தப் பக்கமே இருக்கட்டும்" என்றார். குழலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் காட்டினார். சுட்ட தோட்டாக்களின் வெற்று உறைகளை வெளியே தள்ளும் தண்டு அது. சுடச் சுட மரை கழன்று முன்னோக்கி வளர்ந்து, முனையில் இருக்கும் பூட்டுக்குள் போய் முட்டிக்கொண்டுவிட்டது. விரல் நுனியால் தண்டைப் பிடித்து மெல்லத் திருகச் சொன்னார். கால் சுற்று, அரைச் சுற்று. பிறகு சிலிண்டர் ஒன்றுமே நடக்காதது போல வெளியே வந்தது.

வீட்டில் அதை நிலையாக இறுக்கும்போதுதான் ஒரு பாடம் படித்தேன். 1960-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் தண்டின் மரையை இடது பக்க மரையாக மாற்றியது. சிலிண்டர் சுழலும் திசையிலேயே பழைய மரை கழன்றுகொண்டிருந்ததுதான் காரணம். நான் படித்த குறிப்பு மாற்றத்துக்குப் பிந்தைய ரிவால்வருக்கானது. என்னுடையது முந்தையது. குறிப்பில் சொன்னபடி திருகத் திருகக் கழன்றுகொண்டே வந்தது. எதிர்த்திசையில் திருகியபின்தான் இறுகிற்று. இன்னொன்று: இறுக்குவதற்கு முன், சுட்டு முடித்த வெற்று உறைகளைச் சிலிண்டர் அறைகளில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பலமெல்லாம் நட்சத்திர வடிவத் தள்ளியின் மெல்லிய ஊசிகள் மேல் விழுந்து அவை முறியலாம். தண்டைத் தோல் துண்டால் சுற்றிப் பிடித்தேன். இடுக்கியின் பல் பட்ட தண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது சுடுதளத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அந்தத் தண்டை ஒருமுறை திருகிப் பார்க்காமல் இருப்பதில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சினிமாக் காட்சிகளில் காட்டுவதுபோல மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடுகிறவர்கள் கையில் என் ரிவால்வரைக் கொடுக்க மாட்டேன். சிலிண்டரைத் தாங்கும் கை மயிரிழை வளைந்தாலும் போதும், அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது.

இனி அந்தப் பிடி. அப்பா காலத்து மரப்பிடி என் கைக்குச் சிறியது. கழற்றிவிட்டு ரப்பர் பிடி போட்டேன். மரப்பிடி ஓர் இழுப்பறையில் நூல்கண்டு, பழைய சாவிகளோடு கிடந்தது. வீடு மாறும்போது குப்பைக் கூடைக்கே போயிருக்க வேண்டியது. போடுவதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். வலப்பக்கப் பிடியின் உட்புறத்தில் ஓர் எண் இருந்தது. ரிவால்வரின் அடிப்பக்கத்தில் இருந்த வரிசை எண்ணோடு ஒப்பிட்டேன், அதே எண். தொழிற்சாலையில் இந்தச் சட்டகத்துக்கு இந்த மரத்தைப் பொருத்தி, பிரிந்துபோகக் கூடாது என்று யாரோ எண் போட்டிருக்கிறார்கள். நான் பிரித்து இழுப்பறையில் போட்டிருந்தேன். இப்போது மரப்பிடி தன் இடத்திலேயே இருக்கிறது. சுடுவதற்கு மட்டும் ரப்பர்.

அதற்குப் பிறகு நிறுவனத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து ஒரு கடிதமும் வாங்கினேன். ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் என்ற இரண்டு துப்பாக்கி நிறுவனங்களுக்குமே கட்டணம் செலுத்தினால், வரிசை எண்ணை வைத்துத் தேடி, துப்பாக்கி எப்போது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது, எந்த வியாபாரிக்குப் போனது, எந்த நிறப் பூச்சு, எந்தப் பிடி என்று எழுதித் தரும் ஏற்பாடு உண்டு. ஒரு பக்கக் காகிதம். அப்பா சொல்லிவந்த கதையில் பாதி சரி, பாதி அவரே சேர்த்தது என்று அதில் தெரிந்தது. எந்தப் பாதி என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

பழைய துப்பாக்கி வீட்டில் கிடைத்தால் பாசத்துக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். ஒரு பெண்மணி பாட்டனாரின் வெப்லி மார்க் 6 ரிவால்வரைச் சுடுதளத்துக்குக் கொண்டுவந்தார். 1915-ல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது; .455 தோட்டாவுக்கானது. நடுவில் மடிந்து திறக்கும். கையில் அவர் வைத்திருந்ததோ பிஸ்டலுக்கான .45 ஏசிபி தோட்டாக்கள். அவை பொருந்தவும் செய்தன. காரணம், முந்தைய உரிமையாளர் யாரோ சிலிண்டரின் பின்புறத்தைச் சீவியிருக்கிறார். .455 தோட்டா எளிதில் கிடைக்காத காலத்தில் பல வெப்லிகளுக்கு இந்தக் கதி. பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. தொழிற்சாலையில் செய்த .45 ஏசிபியின் அழுத்தம், அந்த ரிவால்வர் அன்றாடம் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அழுத்தத்தைவிட மிக அதிகம். பெரியவர் தோட்டாக்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணியின் முகம் சுருங்கிவிட்டது. பாட்டனார் இதே தோட்டாவைத்தான் சுட்டார் என்றார். சுட்டிருக்கலாம். பிழைத்தும் இருக்கிறார்.

இதே போலத்தான் பிரிட்டனுக்குப் போரின்போது அனுப்பப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸன்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் போயின, எல்லாம் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற குட்டையான, சற்றே தடித்த தோட்டாவுக்கானவை. போருக்குப்பின் பலவற்றின் அறைகளை நீளத் துளைத்து, .38 ஸ்பெஷல் ரிவால்வர் என்று விற்றார்கள். அறை அகலம் கூடுதலாயிருப்பதால் சுட்ட உறை நடுவில் வீங்கி, சில சமயம் பிளந்து வெளியே வரும். உங்கள் ரிவால்வர் எந்தத் தோட்டாவுக்கு என்று தெரிய வேண்டுமானால், துப்பாக்கி தெரிந்த ஒருவரை அறையையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரிசையிலேயே இன்னொரு சங்கதி: போர்க்கால 'விக்டரி' மாடல் ஒன்று கப்பலில் கீழே விழுந்து வெடித்து, மாலுமி ஒருவர் 1944-ல் இறந்தார். அதன்பிறகே தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியான ஹேமரைத் தடுக்கும் பாகத்தைத் திருத்தினார்கள். திருத்தப்பட்டவற்றின் எண்ணுக்கு முன் 'வி' எழுத்தோடு 'எஸ்' எழுத்தும் சேர்ந்திருக்கும். வெறும் 'வி' மட்டும் இருந்தால், ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக வைப்பதே வழக்கம்.

இரண்டாவதாக நான் விற்காதது மிகச் சாதாரணமானது. ரூகர் .22 பிஸ்டல். பில் ரூகரும் அலெக்ஸாண்டர் ஸ்டர்மும் 1949-ல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருளின் வழித்தோன்றல். நான் அதில்தான் சுடக் கற்றேன், என் மகளும் அதில்தான். ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்து பூட்டியபோது, ஊசியை நிறுத்தும் சின்னஞ்சிறு குறுக்குத் தண்டை மேஜை மேலேயே மறந்துவிட்டேன். பூட்டிய பெருமையில் வெறுமையாக விசையை நான்கைந்து முறை இழுத்தும் பார்த்தேன். தடுக்க ஆளில்லாத ஊசி, அறையின் விளிம்பில் போய் அடித்துக் குழி செய்துவிட்டது. அடுத்த நாள் தோட்டா உள்ளே போக மறுத்தது. சரிசெய்யக் கொடுத்த இடத்தில், "மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் விசையைத் தொட வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது பிரிக்கும்போது வெள்ளைத் துணி விரிக்கிறேன். துணியில் ஏதாவது மிஞ்சியிருந்தால் மகள் சிரிக்கிறாள்.

சுத்தம் செய்வதிலும் அவளே என்னைவிடப் பொறுமைசாலி. குழலைத் துடைக்கும் கோலை முனைப்பக்கமாக நுழைக்க நேர்ந்தால், முனை விளிம்பில் அது உரசாதபடி விரலால் தாங்குகிறாள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்ட நாளில் மட்டும் எண்ணெயை நம்பாமல் முதலில் வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருக்கிறாள். அவற்றின் பிரைமர் விட்டுச்செல்வது உப்பு. உப்பு தண்ணீரில்தான் கரையும். நிக்கல் பூச்சு உள்ளதற்கு அம்மோனியா கலந்த கரைப்பான் ஆகாது. நிக்கலுக்கு அடியில் செம்பு இருந்தால் அது அரித்து, பூச்சு உரிந்துவிடும்.

மெருகேற்றக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு லூகர் பிஸ்டலைச் சொல்வேன். நண்பர் ஒருவருடையது. 1908-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி. எல்லாப் பாகங்களிலும் ஒரே எண்ணின் கடைசி இலக்கங்கள்; சிறு பாகங்கள் சில, சூடேற்றிப் பதப்படுத்தியதில் வந்த வைக்கோல் நிறத்தில் இருந்தன. பளபளவென்று ஆக வேண்டும் என்று ஒருவரிடம் கொடுத்தார். பளபளவென்றுதான் வந்தது. ஓரங்கள் மழுங்கி, எண்கள் பாதி அழிந்து, வைக்கோல் நிறம் இருந்த இடமெல்லாம் மைக்கறுப்பாக. நண்பர் அதை விற்கப் போவதில்லை, அதனால் விலை குறைந்தது அவருக்குப் பொருட்டில்லை. ஆனாலும் முன்போல அதை எடுத்துக் காட்டுவதில்லை.

பூட்டிய இரும்புப் பெட்டகம், உள்ளே ஈரப்பதம் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, வரிசை எண்களையும் படங்களையும் வேறிடத்தில் வைப்பது, இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் தள்ளிப்போடுவது அடுத்தது யாருக்கு என்ற கேள்வியை. உரிமம் என் பெயரில். நான் இல்லாத மறுநாள், அது வீட்டில் இருப்பதே சட்டச் சிக்கல் ஆகலாம். மகளிடம் கேட்டேன். ரூகர் வேண்டும் என்றாள். ரிவால்வரை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். தாத்தாவுடையதாயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தத் தண்டைத் திருகிப் பார்க்கும் பொறுப்பு அவளுக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவள் உரிமம் பெறத் தகுதி இருக்கிறதா, மாற்றுவதற்கு என்ன ஆவணம் என்று விசாரித்து எழுதி, கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஹை-பவரை வாங்கியவரைச் சென்ற ஆண்டு மீண்டும் பார்த்தேன். அதுதான் அவர் கையில் இருந்தது. ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம், திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன்.

"என்றாவது கேட்பீர்கள் என்று தெரியும்," என்றார். "தரமாட்டேன். வேண்டுமானால் ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள்."

பதின்மூன்றும் சுட்டேன். பழைய ஞாபகத்தில் பிடியை மிக மேலே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் வந்த ஹேமர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையை, முன்பு கடித்த அதே இடத்தில் கடித்திருந்தது. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று இருவரும் பார்த்தபின் மேஜையில் வைத்தேன். நான் கையை உதறுவதைப் பார்த்துவிட்டு, அவர் தன் வலக்கையைத் திருப்பிக் காட்டினார். அதே இடத்தில் காய்த்துப்போயிருந்தது.